பிரசிடெண்டு கமலவேணியும் சந்து ஜன்னலும்

"காசு நம்மளுது, மூக்கு மட்டும் அவனுதாம்!"

குருசுக்குப்பத்துக் கமலவேணி இதைச் சொல்லாத இடம் கிடையாது. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே சொல்வாள். மீன் வாங்க வந்தவர், இது விலையா வசவா என்று தெரியாமல் விழிப்பார். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். சாவு வீட்டில், இரண்டு ஒப்பாரிக்கு நடுவில் பெண்கள் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துச் சொன்னாள். முட்டி வலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், "என்னம்மா பண்ணுது?" என்று கேட்ட சின்ன டாக்டரிடமும் முதலில் இதைத்தான் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முட்டியிலயா?" என்றார்.

'அவன்' என்பது கோபிநாத். குருசுக்குப்பத்து வங்கிக் கிளைக்கு மேனேஜர். தேசிய வங்கி, பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். மாற்றலாகி வந்த பிறகுதான் கடலையே கிட்டத்தில் பார்த்தார். ரொம்ப மரியாதைக்காரர். 'ங்க' போடாமல் யாரையும் கூப்பிட மாட்டார். வங்கி வாசலில் படுத்திருக்கும் பூனையைக்கூட, "எந்திரிங்க, அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். கமலவேணிக்கு அவரிடம் பிடிக்காததே இந்த மரியாதைதான். வாயில் 'ங்க' இருக்கிறது, கைக்குட்டை மூக்கில் இருக்கிறது. எதை நம்புவது?

கமலவேணிக்கு ஐம்பத்து நாலு வயது. மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்கு மூன்று வருஷமாக பிரசிடெண்டு. அவளை யாரும் பெரிதாகத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. பொதுக்குழுவில் நூற்றெண்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். மற்ற குரலெல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு குரல் ஓயவில்லை. தேர்தல் நடத்த வந்த அதிகாரி களைத்துப்போய், "அந்த அம்மாவையே போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான் தேர்தல். முப்பது வருஷமாக அவளை 'இந்தா' என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் சுப்பராயன், மறுநாள் கடலிலிருந்து வந்து, "பிரசிடெண்டு, சோறு இருக்குதா?" என்றார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். அவள் அதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டு முட்டை ஒன்றைச் சேர்த்துப் பொரித்து வைத்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வங்கி இருந்த கட்டடம் பெண்கள் சங்கத்தின் சொந்தக் கட்டடம். மாடியில், வெளியே தனிப் படிக்கட்டோடு, சங்க ஆபீஸ்: ஒரு மேசை, நாலு நாற்காலி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு ஃபேன். கீழே வங்கி. பத்து வருஷ வாடகை ஒப்பந்தம், மே மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க பிரசிடெண்டு கையெழுத்து வேண்டும்.

கோபிநாத் வருவதற்கு முன்னால் கிளையில் ஃபேன்தான். ஜன்னலெல்லாம் திறந்திருக்கும். கடல் காற்று ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும், மீன் வாசமும் அதோடு வந்து அதோடு போகும். யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. கோபிநாத் வந்து ஏசி போட்டார், கண்ணாடிக் கதவு போட்டார். அதன் பிறகு உள்ளே வந்த வாசம் வெளியே போக வழியில்லாமல் வரிசையில் நின்றது.

அப்படி ஒரு மத்தியானம் கமலவேணி மார்க்கெட்டிலிருந்து நேரே வந்து, காலி அன்னக்கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து நாலு நாற்காலி தள்ளிப் போனாள். கண்ணாடி அறைக்குள் கோபிநாத் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அவருக்கு ஜலதோஷமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் தும்மவில்லை. கமலவேணி கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தாள், ஒரு தும்மல்கூட வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நாற்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாகத் தன் உள்ளங்கையைத் தானே மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சுப்பராயனிடம் நீட்டினாள்.

"மோந்து பாரு."

அவர் மோந்தார். "என்னா?"

"நாத்தம் அடிக்குதா?"

"உன் கை வாசம்தான் அடிக்குது" என்றார் அவர். அவர் கடலுக்குப் போகிறவர். அவரிடம் போய் இதைக் கேட்டிருக்கக் கூடாது.

தை மாதம் ஜன்னல் வந்தது. கட்டடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அதில் ஒரு சாக்கடை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நிழல் மட்டும் கிடையாது. அந்தப் பக்கத்துச் சுவரில் இருந்த ஜன்னலில் கம்பியை அறுத்துக் கை நுழைகிற அளவு வழி செய்து, மேலே பலகை மாட்டினார்கள்: 'மீன் விற்பனையாளர் சிறப்புச் சேவை ஜன்னல்.' பணம் போடுவதும் எடுப்பதும் இனி அங்கேயே. உள்ளே வரத் தேவையில்லை.

கமலவேணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேனேஜர் சார், யாரைக் கேட்டு சந்துல ஜன்னல் வெச்சீங்க?"

"ஏனுங்கம்மா, உங்க சௌகரியத்துக்குத்தானுங்களே வெச்சது? வந்தீங்களா, கைய நீட்டுனீங்களா, வாங்குனீங்களா, போனீங்களான்னு இருக்கும். டோக்கன் வேண்டாம், காத்துட்டுக் கெடக்க வேண்டாம்."

"அப்ப கருவாட்டுக் கடைக்காரன் எங்க வருவான்?"

"அவரு... அவரு சட்டை மாத்திட்டு வர்றாருங்களே."

"கட்டடம் எங்க சங்கத்துது. எங்க வீட்டுக்குள்ள நாங்க வர்றதுக்கு சந்துல நின்னு கைய நீட்டணுமா? பிச்சைக்காரங்களுக்குக்கூட முன்வாசல்லதான் சார் போட்றாங்க."

"மத்த வாடிக்கையாளருங்க கொஞ்சம் சங்கடப்படறாங்கம்மா. நானாச் செய்யலீங்க. மேலிடத்துல இருந்து சொல்றதைத்தானுங்க செய்யறோம்."

"சரி. மே மாசம் நீங்க ஒரு பேப்பரத் தூக்கினு மாடிக்கு வருவீங்க இல்ல? அப்ப எங்க மேலிடத்துல என்னா சொல்றாங்கன்னு பாப்போம்."

அவள் சொன்ன மேலிடம் சங்கத்து மாடிதான்.

எதிராளி காகிதத்துக்கு மட்டும் அசைகிற இனம் என்பதால் அவளும் மனுவில் ஆரம்பித்தாள். பக்கத்துத் தெருவில் சவரிராயன் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பொழுது போகாமல் ஊருக்கெல்லாம் இலவசமாக மனு எழுதுவார். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் 'மிசே', அதாவது பிரெஞ்சு ஐயா. அவர் அவளை, "மதாம் பிரெசிதாந்த்" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே கமலவேணி வாரத்தில் இரண்டு மனு எழுத வைத்தாள்.

மிசே எழுதிய மனுக்கள் காரமாக ஆரம்பித்து, கண்ணியம் குறையாமல் முடியும். "மேற்படி ஜன்னல் எங்கள் தன்மானத்தில் வைக்கப்பட்ட ஓட்டை" என்று தொடங்கி, பட்டாளத்தில் பழகிய வழக்கப்படி, "ஐயா, தங்கள் மீது நான் கொண்டுள்ள மிக மேன்மையான உணர்வுகளின் உறுதிமொழியை ஏற்றருளும்படி வேண்டுகிறேன்" என்று முடிப்பார்.

"என்னா மிசே, அவன் மேல எனக்கென்னா மேன்மையான உணர்வு?"

"அது ஃபோர்முல், மதாம். சண்டைன்னாலும் கடைசியில அதப் போடணும். இல்லன்னா மரியாதை இல்ல."

பதினோரு மனு போனது. பதினோராவதற்குப் பதில் வந்தது. கோபிநாத்தே சந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சங்கம் விரும்பவில்லை என்றால் கிளை கருவடிக்குப்பத்துக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது. அவர்களும் மரியாதையாகத்தான் முடித்திருந்தார்கள்.

இங்கேதான் பூவாயி உள்ளே வருகிறாள். பூவாயி சங்கத்தில் கமலவேணிக்கு அடுத்த குரல். முறைக்கு நாத்தனார் வேண்டும், மார்க்கெட்டில் எதிர்ப் பலகை. பல வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி சொன்ன விலையை இன்னொருத்தி குறைத்தே இருவரும் குடும்பம் நடத்தியவர்கள்.

"ஏன் அண்ணி, உன் ரோசத்துக்கு நாங்க கருவடிக்குப்பத்துக்கு ஆட்டோ புடிச்சிக்கினு போவணுமா?" என்றாள் பூவாயி, நாலு பேர் கேட்கும்படி.

"ரோசம் எனக்கு மட்டுந்தானா? உனுக்கு இல்லியா?"

"இருக்குது. ஆட்டோவுக்குக் குடுக்குற அளவுக்கு இல்ல."

ஜூன் இரண்டாம் ஞாயிறு சங்கத் தேர்தல். பூவாயி நிற்கப் போகிறாள் என்பது அதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

கமலவேணி நேரே ஊர்த் தலைவர் தணிகாசலத்திடம் போனாள். தணிகாசலம் எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். பெண்களை ஜன்னலில் நிற்க வைத்ததை அவர் கேட்டார். யோசித்தார். பஞ்சாயத்தைக் கூட்டினார். கோயில் மைக்கில் அறிவித்தார்கள்.

"கேட்டுக்கங்க. நம்ம பொம்பளைங்கள அவமானம் பண்ண பேங்க்கு மேல ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்குது. ஜன்னலை எடுக்குற வரைக்கும், நம்ம ஊர்க்காரங்க ஆணோ பொண்ணோ யாரும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது. மீறுனா ஐந்நூத்தியொரு ரூவா தெண்டம்."

குப்பத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்றால் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. ஒரு குடும்பத்தின் மேல் போட்டால், அவர்கள் வாசற்படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மனிதர்கள் மனிதர்கள்தானே? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உப்பு கேட்டால் கொடுப்பார்கள். பின்பக்கம் கிண்ணம் கைமாறும். அதைப் பஞ்சாயத்து பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடும். படியைத்தான் மிதிக்கக் கூடாது. காலங்காலமாக வழக்கம் அதுதான்.

கமலவேணி அன்றைக்கு மைக் செட்டுக்குப் பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள். இந்த வழக்கம் வங்கிக்கும் அப்படியே பொருந்தும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை.

முதலில் ஏடிஎம் விவகாரம் வந்தது. கட்டடத்தின் முன்பக்கத்தில் ஏடிஎம் அறை. அதன் படி வங்கிப் படியா, இல்லையா? பஞ்சாயத்து இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தது. கடைசியில் தணிகாசலம் தீர்ப்பு சொன்னார்.

"உள்ள ஆள் இருக்குதா?"

"இல்ல மாமா, மெசினுதான்."

"ஆள் இல்லன்னா மூக்கு இல்ல. மூக்கு இல்லாத எடத்துல அவமானம் ஏது? போவலாம்."

ஏடிஎம்மில் பணம் மூன்றாம் நாளே தீர்ந்தது. அதோடு, முக்கால்வாசிப் பேரிடம் கார்டு இல்லை, பாஸ்புக்குதான். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. மே தொடக்கத்தில் அரசாங்கத்தின் தடைக்கால நிவாரணம் எல்லார் கணக்கிலும் ஏறியது. எந்தக் கணக்கு? அதே வங்கிக் கணக்கு. வேலையில்லாத மாதம், பணம் உள்ளே இருக்கிறது, படியை மிதிக்கக் கூடாது.

கட்டுப்பாடு போட்ட பிறகு யார் முதலில் சந்துக்குள் போனார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. படியை மிதிக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினார்கள், கிண்ணம் கைமாறியது. வழக்கப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு நாளில் குருசுக்குப்பம் முழுக்கச் சந்தில் நின்றது. பெண்கள் மட்டுமல்ல, இதுவரை சட்டை மாற்றிக்கொண்டு முன்வாசலில் போய்வந்த ஆண்களும் நின்றார்கள். வலைக்காரர், படகுக்காரர், கருவாட்டுக் கடைக்காரர், தணிகாசலம்.

எந்த ஜன்னலை எடுக்கச் சொல்லிக் கட்டுப்பாடு போட்டார்களோ, அந்தக் கட்டுப்பாட்டின்படி ஊர் முழுக்கப் போகக்கூடிய ஒரே வழி அந்த ஜன்னல்தான்.

கமலவேணி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே தலைகள். சாக்கடைக்கு மேல் போட்ட கல்லில் தணிகாசலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பூவாயி மேலே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணி! நல்ல கட்டுப்பாடு போட்ட! நேத்து வரைக்கும் நாங்கதான் நாறுனோம், இன்னிக்கு ஊரே நாறுது!"

கோபிநாத் நல்ல மனசோடு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: சிறப்புச் சேவை ஜன்னலுக்கு மக்களிடம் எதிர்பாராத வரவேற்பு. ஏசி அறையில் இடம் காலியாக இருந்தும் வாடிக்கையாளர்கள் ஜன்னலையே விரும்புகிறார்கள். இதை மற்ற கிளைகளிலும் வைக்கலாம். அறிக்கை அனுப்பிய கையோடு மாடிக்கு வந்தார். அங்கே படியை மிதிப்பதற்குத் தடை ஏதும் இல்லை, கட்டுப்பாடு ஊர்க்காரர்களுக்குத்தான்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. நாங்க ஒரு கல்வெட்டு வெக்கறோம். பளிங்குக் கல்லு. 'திருமதி சு. கமலவேணி, தலைவர்' அப்படீன்னு உங்க பேரு பெருசாப் போட்டு."

மறுநாள் மார்க்கெட்டில் கமலவேணி ஒரு கிலோ சங்கரா மீனை மலிவான கவலை மீன் விலைக்குக் கொடுத்துவிட்டாள், கைக்கு வந்த மீன் எது என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் பளிங்குக் கல்லில் 'ணி' மட்டும் வளைந்து வளைந்து தெரிந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்த 'ணி'யின் வாலை அவள் தாளின் ஓரம் வரைக்கும் இழுப்பாள். கல்லில் அப்படி இழுக்க விடுவார்களா என்று விசாரிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த நாள் கோபிநாத்தைக் கேட்டாள்.

"கல்லை எங்க சார் பதிப்பீங்க?"

"அந்த ஜன்னலுக்கு நேர் மேலதானுங்க. எல்லாருக்கும் தெரியற எடம்."

அதோடு கல்வெட்டு முடிந்தது. சாக்கடைக்கு மேல் தன் பெயரைப் பார்க்க அவளுக்கு மனசு இல்லை.

மே கடைசி வாரம் மேலிடத்து அதிகாரி வந்தார். பெயர் புருஷோத்தமன். அறிக்கையில் படித்த வரவேற்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வந்தவர், யாரிடமும் சொல்லாமல் வாடிக்கையாளர் மாதிரியே வரிசையில் நின்று பார்ப்போம் என்று முடிவெடுத்தார். ஃபுல்கை சட்டை, டை. மத்தியானம் பன்னிரண்டு மணி. சந்தில் நாற்பது பேருக்குப் பின்னால் போய் நின்றார்.

அரை மணி நேரத்தில் டையைக் கழற்றிப் பையில் வைத்தார். முக்கால் மணி நேரத்தில் ஒரு காலைக் கல்லிலும் ஒரு காலைச் சுவரோரத்திலும் வைத்து நிற்கப் பழகிவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. ஆளைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தார்.

"சார், வரிசையில வாங்க" என்றார் தணிகாசலம்.

"நான் பேங்க் ஆபீசர்ங்க."

"இருக்கட்டும். நான் ஊர்த் தலைவரு. நானே நின்னுக்கினுதான் இருக்குறேன்."

"உள்ள போயி மேனேஜர்கிட்ட யாராவது நான் வந்திருக்கேன்னு சொல்லுங்களேன்."

நாற்பது பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"அதுதான் சார் முடியாது" என்றார் தணிகாசலம். "படிய மிதிச்சா ஐந்நூத்தியொண்ணு."

கமலவேணி மாடியிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யார் என்று தெரியாமல்தான் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"உள்ள ஏசி இருக்கு. நாற்காலி காலியாக் கிடக்கு. நீங்க எல்லாம் ஏம்மா இங்க நிக்கறீங்க?"

"எங்க சௌகரியத்துக்காம் சார்" என்றாள் அவள். "மேனேஜர் சொன்னாரு."

புருஷோத்தமன் கொஞ்ச நேரம் சாக்கடையைப் பார்த்தார். பிறகு தன் சட்டையின் கையை, யாரும் பார்க்காத மாதிரி, மோந்து பார்த்தார். கமலவேணி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட சில இடங்களில் அது ஒன்று.

அன்றைக்கே மாடியில் பேச்சு நடந்தது. கருவடிக்குப்பத்துக் கட்டடக்காரர், வங்கி வருகிறது என்று தெரிந்ததும் வாடகையை ஏற்றிவிட்டாராம். பணம் வைக்கும் இரும்பு அறைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகவும் தோதுப்படாதாம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைப்பது, கூடையோடு யார் வந்தாலும் முன்வாசல் வழியாக விடுவது, கதவுக்கு உள்பக்கம் ஈரக் கூடை வைக்க ஒரு தட்டு போடுவது. இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சம்மதித்தார்கள். மிசே சவரிராயன் எழுத உட்கார்ந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

அன்று சாயங்காலம் பூவாயி கமலவேணி வீட்டுக்கு வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. நாலு நண்டு கொண்டுவந்தாள். நாத்தனார் நண்டு கொண்டுவந்தால் பேச்சு பெரியது என்று அர்த்தம்.

"அண்ணி, உன்கிட்ட மனசு விட்டே பேசுறேன். கட்டுப்பாட்டை எடுத்துட்டா ஆம்பளைங்க உள்ள போயிடுவானுங்க. அப்பறம் சந்துல நாமதான். டோக்கன் கெடையாது. அஞ்சு நிமிசம், வாங்குனோமா, வூட்டுக்குப் போயி உலையை வெச்சோமான்னு இருக்கும். உள்ள போனா ஒரு மணி நேரம் குந்தணும். எத்தினி பேரு என்கிட்ட சொல்லியிருக்காளுங்க தெரியுமா?"

"எத்தினி பேரு?"

"நூறு பேருக்கு மேல. இப்ப கேளு. சாக்கடைய மூடச் சொல்லு, மேல ஒரு ஷீட்டு போடச் சொல்லு, ஜன்னல் இருக்கட்டும். அப்படி எழுதிட்டா நான் நிக்க மாட்டேன். போட்டியில்லாம நீயே பிரசிடெண்டு. ஜன்னலை அடைச்சியோ, நான் நிப்பேன், ஜெயிப்பேன்."

கமலவேணிக்குக் கோபம் வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வரவில்லை. பூவாயி சொன்னதில் பொய் இல்லை. ஒரு மணி நேரம் என்பது மீன்காரிக்கு ஒரு மணி நேரம் அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் அடுப்பு எரிவதற்கும் நடுவில் இருக்கிற ஒரே பொழுது. அது அவளுக்கும் தெரியும். அதே சமயம், அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து போனதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு நண்டைச் சுத்தம் செய்தாள்.

சாப்பிடும்போது சுப்பராயனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"பிரசிடெண்டா இல்லன்னா உன்னை என்னான்னு கூப்புட்றது?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டாள். ஜன்னல் அடைக்கப்படும் என்ற வரி வந்ததும், "அத இன்னொரு தடவ படிங்க மிசே" என்றாள். அவர் படித்தார். கையெழுத்துப் போட்டாள். 'ணி'யின் வால் வங்கியின் முத்திரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. புருஷோத்தமன் அது செல்லுமா என்று பார்த்தார், செல்லும் என்றார்கள். கடைசியில் மிசே வழக்கம்போல மேன்மையான உணர்வுகளின் உறுதிமொழியைச் சேர்த்திருந்தார். ஒப்பந்தத்தில் அதெல்லாம் போடுவதில்லை என்று கோபிநாத் சொல்லிப் பார்த்தார். கமலவேணி, "இருக்கட்டும் சார்" என்றாள்.

நாலே நாளில் கொத்தனார் வந்து ஜன்னலை அடைத்தார். ஊர்க் கட்டுப்பாடு எடுக்கப்பட்டதாகக் கோயில் மைக்கில் சொன்னார்கள். தணிகாசலம் முதல் ஆளாகப் படியை மிதித்து உள்ளே போய், ஏசிக்கு நேர் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேலை ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தார்.

ஜூன் இரண்டாம் ஞாயிறு தேர்தல். சீட்டில் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும். பூவாயிக்கு நூற்றிரண்டு. கமலவேணிக்கு எழுபத்து மூன்று. செல்லாதவை ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றில், பெருக்கல் குறிக்குப் பக்கத்தில், தாளின் ஓரம் வரைக்கும் வால் இழுத்து ஒரு கையெழுத்து இருந்தது. மூன்று வருஷப் பழக்கம். அதிகாரி அதைத் தூக்கிக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார். நூற்றெண்பது பேரும் சிரித்தார்கள். கமலவேணியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. சாவிக் கொத்தைப் பூவாயி கையில் கொடுத்து, "ஃபேனைத் தட்டுனாத்தான் சுத்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து நேரே வங்கிக்கு வந்தாள். அன்னக்கூடையைத் தட்டில் வைத்தாள். டோக்கன் எடுத்தாள், அறுபத்து நாலு. பலகையில் இருபத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், எழுந்து போக வேறு நாற்காலி இல்லை, அங்கேயே இருந்தார். கோபிநாத் கண்ணாடி அறைக்குள்ளிருந்து எழுந்து, "வாங்கம்மா" என்றார். கையில் கைக்குட்டை இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பூவாயி வந்தாள். புது பிரசிடெண்டு கையெழுத்தைச் சங்கக் கணக்கில் பதிய வேண்டும். அவளுக்கும் டோக்கன்தான், எழுபத்தொன்று. ஏற்கெனவே நாலைந்து பெண்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பூவாயி அவர்களுக்கும் கேட்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னா அண்ணி, பதவியும் போச்சு, பொழுதும் போச்சு. அந்த ஜன்னல் இருந்திருந்தா அஞ்சு நிமிசத்துல வாங்கினு வூட்டுக்குப் போயிருப்ப இல்ல?"

வங்கியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலவேணி டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஜன்னல் வழியா வாங்கினு அஞ்சு நிமிசத்துல ஓட்றதுக்கு நான் என்னாடி திருடவா வந்தேன்? குந்துற எடத்துல குந்திக்கினுதான் போவேன். ஏசி நல்லா இருக்குது, நாற்காலி மெத்துன்னு இருக்குது, இன்னும் ஒரு மணி நேரம் ஆனாலும் ஆவட்டும். உனுக்கு வேணா அவசரம் இருக்கும், மாடியில ஆயிரம் வேலை கெடக்குது. எனக்கு என்னா, நான்தான் பிரசிடெண்டு இல்லியே."